மேற்றிராணியார் பிரேசில்லாக்

திருப்பூருக்கு மேற்கே கருமத்தம்பட்டியில் விளங்கும் ஜெபமாலை மாதா கோயிலை, மண்ணரையிலும் சுற்றூர்களிலும் வசிக்கும் நம் சங்கத்துக் குடும்பத்தார் நன்கறிவர். அவ்வூரில் 1846-ம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி ஞாயிறன்று மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்ற ஒரு பெரியார், பின்னர் அப்பதவியைத் தாமாகவே துறந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அன்னாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க எழுதுவாம்.

மெல்கியோர் தெ மரியோன் பிரேசில்லாக் 1813-ம் வருஷம் பிரான்சு தேசத்தில் பிறந்தவர். 1842-ல் புதுச்சேரி வந்திறங்கிச் சேலத்தில் ஊழியஞ் செய்தார். பின்பு புதுச்சேரிக் குருமடம் இவர் பொறுப்பில் விடப்பட்டது. பின்னர் கோயமுத்தூர் மிசியோனின் தலைமை இவருக்குக் கிட்டியது. 1850-ல் அம்மிசியோன் தனி விகாரியாத்தாக உயர்ந்தது.

சுதேசிகளே குருக்களாகவும் மேற்றிராணிமாராகவும் ஆதல் வேண்டும், அந்நியர் வழிவிட்டு விலகுதல் வேண்டும் என்பதே இவர் கொண்ட கொள்கை. உடனுழைத்த ஐரோப்பிய குருமாரிற் பலர் இதனை விரும்பினாரல்லர். வெள்ளையர் ஆட்சி ஓங்கிய அக்காலத்தில் இவ்வாறு எண்ணியதற்கே தனித் துணிவு வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஜாதி பற்றியது. ஜாதியாசாரங்களைக் குறித்து 1744-ல் பாப்பானவர் விதித்த சட்டத்தைக் கைக்கொள்வதாகக் குருமார் அனைவரும் சத்தியஞ் செய்தல் வேண்டும். சத்தியஞ் செய்தவர்களோ ஒருவர் அனுமதித்ததை மற்றொருவர் கண்டித்தனர். மூடபக்தி கலவாத வழக்கங்களைப் பொறுக்கலாம் என்பது இவர் கருத்து. ஆயினும் தெளிவான தீர்ப்பின்றி ஆள்வது மனச்சாட்சிக்கு ஒவ்வாதென ரோமாபுரிக்குப் பன்முறை விண்ணப்பித்தார், நேரிலும் சென்றார். திருப்தியான விடை கிட்டவில்லை. 1855-ல் இவரது ராஜிநாமா ஏற்கப்பட்டது.

அக்காலத்துக் கோயில்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோர் தனியிடத்தில் நிறுத்தப்பட்டனர் என்பதை ஜாதிச் சங்கத்தாராகிய நாம் மறைத்தல் தகாது. பொறுத்தல் என்பதன் பாரத்தைச் சுமந்தவர் அவர்களே. இவ்விஷயத்தில் பிரேசில்லாக் முழு விடை கண்டாரென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் விடை காணாமலே பதவியில் அமர்ந்திருக்க அவர் இசையவில்லை.

பதவி நீங்கியும் ஓய்ந்திலர். 1856-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி லியோன் நகரில் ஆப்பிரிக்க மிசியோன் சபையை நிறுவினார். 1859-ம் வருஷம் மே மாதம் சியரா லியோன் தேசத்து பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே மஞ்சட்காய்ச்சல் பரவியிருந்தது. தோழர்கள் ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். ஜூன் 25-ந் தேதி இவரும் உயிர்நீத்தார். அப்போது வயது 45. லியோனிலிருந்த பிளாங்க் குருவானவர் அச்சபையைக் கலையவிடாது நடத்தினார். இன்றும் அது ஆப்பிரிக்காவில் பணியாற்றி வருகிறது. 2020-ல் ரோமாபுரி இவரை வணக்கத்துக்குரியவரென அறிவித்தது.