உள்ளே ஆள் இருக்கும்போதே ஃபோல்டரை அழித்தால் என்ன ஆகும்? விதியை வகுத்த டென்னிஸ் ரிட்சியின் கதை

ஆபீஸ் சர்வரில் ஒரு ஃபோல்டருக்குள் நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வேறு ஊரில் இருக்கும் சக ஊழியர், இது பழசுதானே என்று நினைத்து அந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடுகிறார். விண்டோஸாக இருந்தால், யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி பெரும்பாலும் தடுத்திருக்கும். லினக்ஸ் தடுக்காது. அவரிடமும் கேட்காது, உங்களிடமும் சொல்லாது. நீங்கள் எல்எஸ் அடித்தால் காலியாக இருக்கும். புது ஃபைல் உருவாக்கப் போனால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பதில் வரும். ஆனால் நீங்கள் நிற்பதோ அதே இடத்தில்!

சர்வர் நிர்வாகம் பார்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். இது கோளாறு அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. அந்த முடிவின் வேர் 1969-ல், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. எடுத்தவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் ரிட்சி. சி மொழியை உருவாக்கியவர் என்று கல்லூரியில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்திருப்போம்.

பட்டம் வாங்காத டாக்டர்

டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில்லில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவர், டெலிபோன் இணைப்புச் சுற்றுகள் பற்றி நூல் எழுதியவர். டென்னிஸ் ஹார்வர்டில் இயற்பியல் படித்து 1963-ல் பட்டம் வாங்கினார். அடுத்து அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி. 1968-ல் ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனால் பைண்டிங் செய்த பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கவே இல்லை என்று அவரை அறிந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அதனால் டாக்டர் பட்டம் கடைசிவரை கைக்கு வரவில்லை. நம்ம ஊரில் இதைச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1967-ல் அப்பா வேலை பார்த்த அதே பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்போது எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்ட திட்டத்தில் இறங்கியிருந்தன. ஒரே கம்ப்யூட்டரை நிறைய பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது கனவு. திட்டம் இழுத்துக்கொண்டே போக, 1969-ல் பெல் விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்த கென் தாம்சன், ரிட்சி போன்றவர்களுக்குக் கனவு மட்டும் மிச்சம். புது மெஷின் வாங்கித் தரச்சொல்லி நிர்வாகத்திடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

ஓரமாகக் கிடந்த பிடிபி-7 என்ற பழைய மெஷின்தான் கைகொடுத்தது. தாம்சன் எழுதிய ஸ்பேஸ் டிராவல் என்ற கேமை அதில் ஓட்ட முயன்றதில்தான் அந்த மெஷினே அவர்களுக்குப் பழக்கமானது. அதற்கு முன்பே தாம்சன், ரிட்சி, ரட் கெனடே மூவரும் சேர்ந்து ஃபைல்களை எப்படி அடுக்கி வைப்பது என்று ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். அதை இந்த மெஷினில் ஏற்றினார்கள். யூனிக்ஸ் அப்படித்தான் பிறந்தது.

போடி ஏலக்காய் குடோனும் ஃபோல்டரும்

அந்த வரைபடத்தின் மையக்கருத்தைப் புரிந்துகொள்ள போடிநாயக்கனூர் வரை போய்வரலாம். அங்கே ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலக்காய் மின்னணு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மலையில் எந்தத் தோட்டத்தில் விளைந்த காயாக இருந்தாலும், ஏலத்துக்கு வந்துவிட்டால் லாட் எண்தான் அடையாளம். சாம்பிள் தட்டு கைக்குக் கை போகும், விலை கம்ப்யூட்டரில் ஏறும், சரக்கு வேறு எங்கோ இருக்கும்.

யூனிக்ஸில் ஃபைலும் அப்படித்தான். உள்ளடக்கம் டிஸ்க்கில் ஓர் இடத்தில் கிடக்கும். அதற்கு ஓர் எண் உண்டு, ஐநோடு என்பார்கள். பெயர் ஃபைலோடு ஒட்டிக்கொண்டு இருக்காது. ஃபோல்டர், அதாவது டைரக்டரி என்பது வெறும் ரிஜிஸ்டர்: இந்தப் பெயருக்கு இந்த எண். அவ்வளவுதான். ஒரே எண்ணை இரண்டு ரிஜிஸ்டர்களில் இரண்டு பெயரில் எழுதி வைக்கலாம். எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது என்ற கணக்கு ஐநோடில் இருக்கும்.

அப்போது அழிப்பது என்றால் என்ன? ரிஜிஸ்டரில் ஒரு வரியை அடிப்பது. சரக்கைத் தொடுவதே இல்லை. எல்லா ரிஜிஸ்டரிலும் பெயர் அடிபட்டு, அந்தச் சரக்கைக் கையில் வைத்திருக்கும் கடைசி ஆளும் அதை விட்ட பிறகுதான் இடம் காலியாகும். சாக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிற சுமைதூக்கும் தொழிலாளியின் தோளிலிருந்து அதைப் பிடுங்குகிற வேலையே யூனிக்ஸில் கிடையாது.

இதனால் நன்மைதான் அதிகம். பொதுவாக ஒரு லினக்ஸ் சர்வரில் புது வெர்ஷனை ஏற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்த வேண்டியதில்லை. பழைய ஃபைலின் பெயர் போய்விடும், அதே பெயரில் புது ஃபைல் வந்து உட்காரும். ஏற்கெனவே ஓடுவது பழைய பிரதியை வைத்து ஓடிக்கொண்டே இருக்கும். தொல்லையும் உண்டு. டிஸ்க் நிரம்பிவிட்டதே என்று 20 ஜிபி லாக் ஃபைலை அழிப்பீர்கள், ஆனால் ஒரு எம்பி கூட மிச்சமாகாது. அந்த லாகை எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் இன்னும் அதை விடவில்லை என்று அர்த்தம். அதை ரீஸ்டார்ட் செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். நைட் ஷிஃப்டில் இதற்கு விடை தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

நிற்கிற இடம் யாருடையது?

சரி, ஃபோல்டருக்குள் இருப்பது என்றால் என்ன? இதற்கு ரிட்சியே பின்னாளில் எழுதிவைத்த ஒரு சுவையான சம்பவம் உண்டு. ஆரம்ப யூனிக்ஸில் ஒரு கட்டளை தன்னையே நகலெடுத்து இன்னொரு புரோகிராமை ஓட்டும் வசதியைப் புதிதாகச் சேர்த்தார்கள். உடனே, ஃபோல்டர் மாறும் கட்டளை வேலை செய்வது நின்றுபோனது. அடித்தால் எந்தப் பிழையும் வராது, ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கும். வரி வரியாகக் கோடைப் படித்துப் படித்துக் குழம்பியிருக்கிறார்கள். காரணம் இதுதான்: நகல் போய் ஃபோல்டர் மாறிவிட்டு, அங்கேயே முடிந்துபோனது. அனுப்பிவைத்த அசல் இருந்த இடத்திலேயே இருந்தது. நிற்கும் இடம் ஆளுக்கோ மெஷினுக்கோ சொந்தமில்லை, ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி என்பதை அன்று நடைமுறையில் கண்டார்கள். அதனால் ஃபோல்டர் மாறும் வேலை ஷெல்லுக்குள்ளேயே போய்ச்சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சொன்ன விசித்திரத்துக்கு விடை இதில் இருக்கிறது. உங்கள் ஷெல் அந்த ஃபோல்டரின் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பெயரை அல்ல. சக ஊழியர் அடித்தது பெயரை. ரிஜிஸ்டர் காலியாகிவிட்டது, புதிதாக ஒரு வரிகூட எழுத முடியாது. ஆனால் நீங்கள் வெளியேறும்வரை அந்த எண் உயிரோடு இருக்கும். அவர் பதறிப்போய் அதே பெயரில் ஃபோல்டரைத் திரும்ப உருவாக்கினாலும் உங்களுக்குப் பயனில்லை. அது வேறு எண். நீங்கள் வெளியே வந்து மறுபடி உள்ளே போனால்தான் புதியது தெரியும்.

யாருக்கு அழிக்க உரிமை என்பதும் இந்த ரிஜிஸ்டர் கணக்கில்தான் வருகிறது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் மீது உங்களுக்கு எழுதும் உரிமை தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தால் போதும். அடிப்பது ரிஜிஸ்டரைத்தானே! எல்லோரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டரில் இது விபரீதம். அவரவர் ஃபைலை அவரவர் மட்டுமே அழிக்கலாம் என்ற தனிக் காவல், ஸ்டிக்கி பிட் என்ற பெயரில், பிறகுதான் வந்தது.

டைப்பிஸ்ட்டுகளும் துணிச்சல்காரர்களும்

இந்த விதிகளை நாற்காலியில் சாய்ந்துகொண்டு வகுத்தவர்கள் இல்லை அவர்கள். பக்கத்திலேயே வேறு ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவணங்கள் தயாரிக்க வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் பிடிபி-11 என்ற புது மெஷினை வாங்கினார்கள். 1971-ல் ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவு டைப்பிஸ்ட்டுகள் அதில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். மெமரி மொத்தம் 24 கேபி, டிஸ்க் அரை எம்பி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் சிரமப்பட்டுத்தான் அடங்கும்.

ஒருவர் புரோகிராம் இன்னொருவர் மெமரியைத் தொடாமல் தடுக்கும் பாதுகாப்பு அந்த மெஷினில் இல்லை. ரிட்சியோ தாம்சனோ ஒரு புது புரோகிராமைச் சோதித்துப் பார்த்து அது தப்பாகப் போனால் சிஸ்டமே விழும். டைப்பிஸ்ட்டுகளின் உழைப்பும் சேர்ந்து போகும். டிஸ்க்கும் சின்னது என்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்கள் தட்டச்சு செய்ததை டேப்பில் ஏற்றியாக வேண்டும். சோதிக்கிற ஒவ்வொரு முறையும் கவனமும் துணிச்சலும் வேண்டியிருந்தது என்பதே ரிட்சியின் நினைவு. பலர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் கை வைப்பது அவருக்கு ஏட்டுச் சிக்கலாக இருந்ததில்லை.

எல்லாம் முதல் தடவையே சரியாக வந்துவிடவும் இல்லை. ஃபோல்டரை நீக்குவதற்கென்று கெர்னலில் தனி வசதி அன்று கிடையாது. ஆர்எம்டிர் என்ற புரோகிராம்தான் அதைச் செய்தது. முதலில் ஃபோல்டர் காலியா என்று பார்க்கும், பிறகு பெயரை நீக்கும். இரண்டு படிகள். நடுவில் இருக்கும் அந்த இம்மி நேரத்தில் வேறொருவர் உள்ளே ஒரு ஃபைலை உருவாக்கிவிட்டால், அது பெயரில்லாத அநாதையாகிவிடும். ஃபோல்டரை நீக்கும் அதிகாரம் சூப்பர் யூசருக்கு மட்டுமே இருந்ததால், சாதாரண ஆள் ஓட்டினாலும் இந்த புரோகிராம் அந்த அதிகாரத்தோடு ஓடும். அப்படி இரவல் அதிகாரம் கொடுக்கும் உத்தி ரிட்சியின் கண்டுபிடிப்பு, 1979-ல் அவர் பெயரில் காப்புரிமையும் வந்தது. ஆனால் மேலே சொன்ன இடைவெளியை அது அடைக்கவில்லை. 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தங்கள் யூனிக்ஸில் இரண்டு படிகளையும் கெர்னலுக்குள் ஒரே வேலையாகச் சேர்த்த பிறகே அந்த ஓட்டை அடைபட்டது.

சி மொழிக் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் சுருக்கமாக: 1971 முதல் 73 வரை ரிட்சி அதை வளர்த்தெடுத்தார், 1973-ல் யூனிக்ஸே சி-யில் திருத்தி எழுதப்பட்டது, 1978-ல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து எழுதிய நூல் வந்தது. 1983-ல் தாம்சனோடு டூரிங் விருது. 1999-ல் அதிபர் கிளிண்டன் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல், அவர் வகுத்த வழியில், பெரும்பாலும் அவர் மொழியிலேயே எழுதப்பட்டது. ஐபோனின் அடித்தளமும் யூனிக்ஸ் பரம்பரைதான்.

கடைசி நாட்கள்

ரிட்சி திருமணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசாதவர், மேடைகளைத் தேடிப் போகாதவர். சக ஊழியர்களுக்கு அவர் லாகின் பெயரான டிஎம்ஆர். சேர்ந்த இடத்திலேயே 40 ஆண்டுகள் இருந்து 2007-ல் ஓய்வுபெற்றார். புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். 2011 அக்டோபர் 12 அன்று பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வசித்த வீட்டில் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். எந்த நாளில் உயிர் பிரிந்தது என்பதே உறுதியாகத் தெரியவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகம் முழுக்க அந்தச் செய்தியே ஓடிக்கொண்டிருக்க, ரிட்சியின் மறைவு பழைய நண்பர் ராப் பைக் இணையத்தில் போட்ட சிறு குறிப்பு வழியாகத்தான் வெளியே தெரிந்தது.

ஹார்வர்டு நூலகத்துக்குப் போகாத அந்த ஆய்வேட்டைக் குடும்பத்தார் பின்னர் தேடினார்கள். ஒரு பிரதி கிடைத்தது. கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2020-ல் அதை ஸ்கேன் செய்து வெளியிட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்து படிக்கலாம்.