மளிகைக் கடைக்காரர் மகன் மேகநாத் சாகா

ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி நாம் சொல்லாத குறை இல்லை. சாம்பாரில் பருப்பைத் தேடணும், மோரில் மோரைத் தேடணும், இப்படி நிறைய. ஆனால் 1911-க்குப் பிறகு கல்கத்தாவில் ஒரு ஹாஸ்டலில் ஒரு மாணவருக்கு இருந்த குறை வேறு. அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று சக மாணவர்கள் சொல்லிவிட்டார்கள். காரணம் அவர் பிறந்த ஜாதி. அந்த மாணவர்தான் பின்னாளில் உலகமே தெரிந்துகொண்ட விஞ்ஞானி மேகநாத் சாகா.

இன்றைய வங்காளதேசத்தில், டாக்கா பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1893 அக்டோபர் 6-ல் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. பிறந்த அன்று புயல் மழையாம், அதனால் மழைத் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். பின்னால் அவரே எழுத்தைக் கொஞ்சம் மாற்றி, அதை இராமாயணத்து இந்திரஜித்தின் பெயராக ஆக்கிக்கொண்டார். ராவணன் மகன் பெயரை விரும்பி வைத்துக்கொண்ட ஆளைப் பார்த்திருக்கிறீர்களா!

பையன் எழுதப் படிக்கக் கற்றால் போதும், கடையில் உட்காரட்டும் என்பது அப்பாவின் எண்ணம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எட்டுப் பிள்ளைகள். அண்ணன்தான் விடவில்லை. மேல்வகுப்பு உள்ள பள்ளிக்கூடம் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த ஊரில் ஒரு டாக்டரைப் பிடித்து, அவர் வீட்டிலேயே தங்க ஏற்பாடு செய்தார் அண்ணன். நிபந்தனை என்னவென்றால், வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ளணும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவணும். அதையெல்லாம் செய்துகொண்டே டாக்கா மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். மாதம் நாலு ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. சணல் ஆலையில் வேலை பார்த்த அண்ணன் தன் சொற்பச் சம்பளத்தில் அஞ்சு ரூபாய் அனுப்பினார்.

1905-ல் வெள்ளைக்கார அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. கவர்னர் ஃபுல்லர் டாக்கா பள்ளிக்கு வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். சாகாவும் அதில் ஒருவர். பள்ளியை விட்டு நீக்கினார்கள், உதவித்தொகையும் போனது. உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்று நம்மில் பல பேருக்கு விளக்க வேண்டியதில்லை. நல்லவேளை, வேறொரு தனியார் பள்ளி சேர்த்துக்கொண்டது. அங்கிருந்தே எண்ட்ரன்ஸ் பரீட்சையில் கிழக்கு வங்காளத்திலேயே முதலாக வந்தார்.

1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. வகுப்புத் தோழர் சத்யேந்திரநாத் போஸ், ஒரு வருஷம் சீனியர் மகலனோபிஸ். பாடம் எடுத்தவர்கள் ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும். இப்படி ஒரு வகுப்பு எந்தக் கல்லூரிக்கும் வாய்க்காது! ஆனால் வகுப்பு முடிந்தால் ஈடன் இந்து ஹாஸ்டல். சாப்பாட்டுக் கூடத்தில் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். சரஸ்வதி பூஜை வந்தது. மற்றவர்களைப் போல் போய்ப் பூப்போட அவரை விடவில்லை. படிப்புக்குத்தான் சரஸ்வதி என்றால், அந்த ஹாஸ்டலில் அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

எனக்கு உறுத்துவது இதுதான். வெள்ளைக்காரன் நம்மைச் சமமாக நடத்தவில்லை என்று வங்காளத்து மாணவர்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்காகப் படிப்பையே பணயம் வைத்தவர் சாகா. அவருக்குப் பக்கத்தில் தட்டு வைக்க அதே மாணவர் கூட்டத்தில் மனசு வரவில்லை.

அவர் ஹாஸ்டலை விட்டு வெளியேறி மெஸ்ஸுக்குப் போனார். அங்கே மெஸ் என்றால் சாப்பாட்டுக் கடை இல்லை, பல பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துத் தங்கும் வீடு. 1913-ல் பி.எஸ்ஸி., 1915-ல் எம்.எஸ்ஸி., இரண்டிலும் இரண்டாம் இடம். முதல் இடம் இரண்டு தடவையும் சத்யேந்திரநாத் போஸ்தான்! நிதித்துறைப் பரீட்சை எழுத நினைத்தார். புரட்சிக்காரர்களோடு பழக்கம் என்று சந்தேகப்பட்டு அரசு அனுமதிக்கவில்லை. காலையும் மாலையும் சைக்கிள் மிதித்து வீடு வீடாக ட்யூஷன் எடுத்துச் சாப்பிட்டார். 1916-ல் அசுதோஷ் முகர்ஜி கூப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் வேலை கொடுத்தார்.

1920-ல் வந்தது அவருடைய சமன்பாடு. சுருக்கமாகச் சொல்கிறேன். வாயுவைச் சூடாக்க ஆக்க அதன் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும், அழுத்தம் குறைந்தால் இன்னும் சுலபமாக இழக்கும். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் இழக்கும் என்று கணக்குப் போட வழி சொன்னார். அதுவரை நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி கோடுகள் தெரியும், ஏன் என்று சரியாகப் புரியாது. நட்சத்திரத்தில் இருக்கும் பொருள் வேறு என்பதைவிட, அதன் வெப்பம் வேறு என்பதே முக்கியக் காரணம் என்பது இந்தக் கணக்கில் தெளிவானது. இதை வைத்துத்தான் 1925-ல் சிசிலியா பெய்ன் என்ற பெண் விஞ்ஞானி, நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று கண்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1927-ல் சாகாவை உறுப்பினர் ஆக்கியது.

பேர் வந்த பிறகும் அவர் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்துவிடவில்லை. 1922-ல் வட வங்காளத்தில் பெரிய வெள்ளம். ஆசிரியர் ராய் நிவாரணக் குழு அமைக்க, மாணவர்கள் தொண்டர்களாகத் திரண்டார்கள். சாகாவும் இறங்கி வேலை செய்தார். வெள்ளம் வந்த பிறகு அரிசி கொடுத்தால் போதுமா, ஆற்றையே கட்டுப்படுத்த முடியாதா என்று தொடர்ந்து எழுதினார். சிவில் பிரிவு நண்பர்களுக்கு தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் தெரிந்திருக்கும். 1943 வெள்ளத்துக்குப் பின் அமைத்த விசாரணைக் குழுவில் இவர் உறுப்பினர், 1948-ல் தாமோதர் கார்ப்பரேஷன் வந்தது.

1952-ல் கல்கத்தாவில் நின்று லோக்சபாவுக்கு ஜெயித்தார். அதே வருஷம் நாட்டுக்கு ஒரே காலண்டர் வகுக்கும் குழுவுக்குத் தலைவர் ஆனார். அதுவரை ஊருக்கு ஒரு பஞ்சாங்கம், பண்டிகைக்கு இரண்டு தேதி.

1956 பிப்ரவரி 16-ல் டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பு வந்து விழுந்தார். அவர் குழு வகுத்த சக வருடக் காலண்டரை அரசு 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது அவர் இறந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது.