நண்பரை மீட்க எழுந்த இசைக்குழு

ஒரு பாடகரின் குரலில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள், அந்தக் குரல் எங்கே ஒலித்தாலும் தேடிப் போவார்கள். அமெரிக்கப் பாடகர் லேன் ஸ்டேலியின் ரசிகர்கள் அப்படித் தேடிக் கண்டெடுத்த இசைத்தட்டு ஒன்று உண்டு. அதன் பின்னே ஒரு நட்பின் கதை இருக்கிறது.

ஸ்டேலி 1967-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி, சியாட்டில் நகரை அடுத்த கிர்க்லாந்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்து விட்டனர். 12 வயதில் டிரம் வாசிக்கத் தொடங்கியவர், பிறகு பாட்டின் பக்கம் திரும்பினார்.

1987-ல் கிதார் கலைஞர் ஜெர்ரி கான்ட்ரெலுடன் சேர்ந்தார். 'ஆலிஸ் இன் செயின்ஸ்' குழு உருவாயிற்று. அந்நாளில் சியாட்டிலில் 'கிரஞ்ச்' என்ற புது வகை இசை வளர்ந்து வந்தது. பங்க் இசையின் வேகமும் ஹெவி மெட்டல் இசையின் கனமும் கலந்தது அது. நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன் ஆகியவை அந்த வட்டாரக் குழுக்களே.

ஸ்டேலியின் குரல் அடித்தொண்டையில் உறுமும்; மறுகணமே உச்சத்துக்கு ஏறி அழும். 1992-ல் வந்த 'டர்ட்' இசைத்தட்டு பல லட்சம் விற்றது. ஹெராயின் பழக்கத்தின் கொடுமையே அதில் பல பாடல்களின் பொருள். அது கற்பனை அல்ல. பாடியவரே அந்தப் பிடியில் சிக்கியிருந்தார். 1994 ஜனவரியில் வெளிவந்த 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் அதே ஆண்டு கோடையில் போக இருந்த சுற்றுப்பயணத்தைக் குழு கைவிட நேர்ந்தது.

சிகிச்சையில் பிறந்த நட்பு

பேர்ல் ஜாம் குழுவின் கிதார் கலைஞர் மைக் மெக்கிரெடி அந்த ஆண்டு மினசோட்டா மாநிலத்தில் போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்றார். அங்கே அவருக்கு அறிமுகமானவர் பாஸ் கிதார் கலைஞர் ஜான் பேக்கர் சாண்டர்ஸ். இருவரும் சியாட்டிலில் ஒரு குழு தொடங்கினர். 'ஸ்கிரீமிங் ட்ரீஸ்' குழுவின் டிரம் கலைஞர் பாரெட் மார்ட்டினைச் சேர்த்துக் கொண்டனர். பாடுவதற்கு மெக்கிரெடி அழைத்தது ஸ்டேலியை. போதையை விட்டவர்களுடன் பழகினால் நண்பரும் மீளக்கூடும் என்பது அவர் நம்பிக்கை.

அந்தக் குழுவே 'மேட் சீசன்'. யாரும் தம் சொந்தக் குழுவை விட்டு விலகவில்லை. பாடல் எழுதும் பொறுப்பை மெக்கிரெடி ஸ்டேலியிடமே விட்டார். கலீல் கிப்ரானின் 'தீர்க்கதரிசி' நூலை அப்போது படித்து வந்த ஸ்டேலியின் பாடல்களில் அதன் சாயல் படிந்தது. அட்டைப் படத்தையும் அவரே வரைந்தார். 1995 மார்ச்சில் 'அபவ்' வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 5 லட்சம் பிரதிகளை எட்டியது.

முரட்டுச் சத்தத்தை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. சாக்சபோன் ஒலித்தது. ஸ்டேலி பல இடங்களில் அடங்கிய குரலில் பாடினார். 'ஸ்கிரீமிங் ட்ரீஸ்' பாடகர் மார்க் லானகன் இரண்டு பாடல்களில் கூடச் சேர்ந்தார். அந்தக் குரலும் பிடித்துப் போனவர்கள் அடுத்து அவருடைய தட்டுகளைத் தேடினர்.

கைநழுவிய உயிர்

ஆனால் பழக்கம் ஸ்டேலியை விடவில்லை. 1996 ஜூலை 3-ந் தேதி கான்சாஸ் சிட்டியில் 'ஆலிஸ் இன் செயின்ஸ்' குழுவுடன் பாடியதே அவருடைய கடைசிக் கச்சேரி. அந்த ஆண்டு அக்டோபரில், அவர் முன்பு மணமுடிக்க நிச்சயித்திருந்த பெண் இறந்தார். அதன்பின் வெளியே வருவதே அரிதாயிற்று. 1999 ஜனவரியில் சாண்டர்ஸும் ஹெராயினுக்குப் பலியானார்.

2002 ஏப்ரல் 19-ந் தேதி ஸ்டேலியின் உடல் அவருடைய சியாட்டில் வீட்டில் கண்டெடுக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, 5-ந் தேதியே உயிர் பிரிந்ததாகக் கணிக்கப்பட்டது. வயது 34.

2013-ல் மெக்கிரெடியும் மார்ட்டினும், முடிக்கப்படாமல் கிடந்த மூன்று பாடல்களை லானகனைப் பாட வைத்துச் சேர்த்து, 'அபவ்' இசைத்தட்டை மீண்டும் வெளியிட்டனர். லானகனும் 2022-ல் காலமானார்.

மீட்க எழுந்த குழுவால் ஸ்டேலியை மீட்க முடியவில்லை. ஆனால் கைவிடாத நண்பர் ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்த இசைத்தட்டு சாட்சியாக நிற்கிறது.