மீண்டும் மாணவராக அமர்ந்த பேராசிரியர்: தனிநாயகம் அடிகளார்



உரோமையில் படித்து இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு குருவானவர், தம் தாய்மொழியைக் கற்க மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். பின்னாளில் உலகத் தமிழ் அறிஞர்களை ஒரே அவையில் கூட்டியவரும் அவரே. அவர்தான் அருட்தந்தை சேவியர் தனிநாயகம் அடிகளார். அவர் தமிழில் வேரூன்றிய இடம் நமக்குத் தொலைவானது அல்ல. நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம்தான் அது.

அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பொன் என்ற ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். கொழும்பு குருமடத்தில் பயின்றபின் 1934-இல் உரோமைக்குச் சென்றார். அங்கே குருத்துவ அருள்பொழிவு பெற்றார். புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேஜ் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றார். ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு எனப் பல மொழிகள் அவருக்கு வசமாயின. ஆனால் அவர் படித்ததெல்லாம் ஆங்கில வழியிலும் இலத்தீன் வழியிலும்தான். தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி பெற அவருக்கு வாய்ப்பு அமையவில்லை.

தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாக அவர் 1940-இல் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பள்ளியின் பொறுப்பில் இருந்தவர், கற்றறிந்தவர், குருவானவர். தமிழில் குறை இருப்பதை மறைத்துக்கொண்டே அவர் காலத்தைக் கடத்தியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவரோ பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். ஒரு கத்தோலிக்கக் குரு, ஓர் ஐயரிடம் சங்க இலக்கியத்துக்கு வாசல் திறக்கக் கேட்டார். அவரும் மனமுவந்து திறந்துவிட்டார். கல்வியில் சாதி சமய வேலிகள் இல்லை என்பதை இருவரும் வாழ்ந்து காட்டினார்கள்.

அதோடு அவர் நிறைவடையவில்லை. 1945-இல், முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். தம்மைவிட வயதில் இளையவர்களோடு அமர்ந்து பாடம் கேட்டார். பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை எப்படி இடம்பெறுகிறது என்பதே அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இந்த ஆய்வு நம் இலத்தூர்ப் பகுதி மக்களுக்கு எளிதில் புரியும். மேற்கே நிற்கும் குற்றால மலை குறிஞ்சி. அதன் கீழே குளத்துத் தண்ணீர் பாயும் நெல்வயல் மருதம். இந்த நிலங்களையும் அவற்றில் வாழும் மக்களின் உணர்வுகளையும் சங்கப் புலவர்கள் பிரிக்க முடியாதபடி பிணைத்துப் பாடினார்கள். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களோடு ஒப்பிட்டு அடிகளார் அந்தப் பிணைப்பின் தனிச்சிறப்பை எடுத்துக்காட்டினார். குருமடத்தில் படித்த இலத்தீன் தமிழுக்குப் பயன்பட்டது. கடவுள் தந்த எந்தத் தாலந்தும் வீணாவதில்லை.

தமிழின் செல்வம் தமிழருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறதே என்பது அவருடைய ஏக்கம். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். பல நாடுகளுக்குச் சென்று சொற்பொழிவாற்றினார். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் தெரியாத அறிஞர்களும் தமிழ்ப் பண்பாட்டை ஆய்வு முறையில் அறிந்துகொள்ள அது வழிசெய்தது.

அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் துறை அது. அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1955-இல், மூன்றாம் முறையாக மாணவரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனை பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஊர் ஊராகச் சென்று பாடிய பாணர்களையும், அரசனுக்கு அறிவுரை கூறிய புலவர்களையும் பழந்தமிழ்ச் சமுதாயத்தின் ஆசிரியர்களாக அவர் கண்டார். பள்ளிக்கூடச் சுவர்களுக்கு வெளியேயும் ஒரு சமுதாயம் கற்கிறது என்பதை அந்த ஆய்வு நமக்கு உணர்த்துகிறது. 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, தமிழரின் மொழி உரிமைக்காக அவர் அஞ்சாமல் குரல் கொடுத்தார்.

1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமைப் பேராசிரியராக இருந்தார். பாடம் நடத்துவதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. பின்னால் வரும் மாணவர்கள் எதைக் கொண்டு படிப்பார்கள் என்று யோசித்தார். தமிழியல் நூல்களைப் பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றை 1966-இல் வெளியிட்டார். சேசு சபைக் குரு அந்தாம் தெ புரோவென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் பிரதியை அடிகளார் கண்டறிந்து, மறுபதிப்பாக எல்லார் கைக்கும் கிடைக்கச் செய்தார்.

அவர் பணிகளில் தலையாயது 1964 சனவரியில் புதுதில்லியில் நடந்தது. கீழைத்தேயவியல் அறிஞர்களின் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களை ஒன்றுகூட்டி, பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியம் போன்றவர்களோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். அதன் தலைமைப் பொறுப்பைப் பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா ஏற்றார். அடிகளாரோ செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலோடு செயலாளராக உழைத்தார். நாற்காலி யாருக்கு என்பதைவிட வேலை நடக்கிறதா என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. அடுத்து 1968-இல் சென்னையிலும், 1970-இல் பாரிசிலும், 1974-இல் யாழ்ப்பாணத்திலும் அறிஞர்கள் கூடினார்கள். யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளில், காவல்துறையின் தலையீட்டால் எழுந்த குழப்பத்தில் உயிர்கள் பறிபோயின. அவர் பிறந்த மண்ணில் அந்தத் துயரம் நிகழ்ந்தது. 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டே மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியது. பிறகு மொரீசியசு, தஞ்சாவூர், சிக்காகோ என்று அது தொடர்ந்தது. விதைத்தவர் போனபின்னும் பயிர் விளைந்தது.

அன்பார்ந்தவர்களே, நம் பிள்ளைகளில் பலர் இன்று ஆங்கில வழியில் படிக்கிறார்கள். அதில் தவறில்லை. அடிகளாரும் அப்படிப் படித்தவர்தான். ஆனால் திருப்பலியில் வாசகம் வாசிக்க அழைத்தால், தமிழ் சரியாக வராது என்று எத்தனை பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள்! சில பெற்றோர் அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள். பல மொழிகள் கற்றும் தாய்மொழியில் தமக்கிருந்த குறையைத் தீர்க்காமல் அடிகளார் ஓயவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொரு பக்கம், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாய்மார்களும், வேலைக்குப் போய்விட்ட இளைஞர்களும் இருக்கிறார்கள். இனிமேல் படித்து என்ன ஆகப் போகிறது என்று அவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். வடக்கன்குளத்தில் இருபத்தேழு வயதிலும், சிதம்பரத்தில் முப்பத்திரண்டிலும், இலண்டனில் நாற்பத்திரண்டிலும் மாணவராக அமர்ந்தவரை அவர்களுக்கு நினைவூட்டுவோம். எனக்கு இது தெரியாது என்று சொல்லும் தாழ்ச்சி இருந்தால் எந்த வயதிலும் படிக்கலாம்.

இன்று இரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, வரும் ஞாயிறு நற்செய்தியைத் தமிழில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்களும் சேர்ந்து வாசியுங்கள். கற்போர் அனைவரையும், கற்பிப்போர் அனைவரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!