சுரங்க எஞ்சினீயர் கண்ட மறு உலகம்

எஞ்சினீயர் என்றால் கண்ணால் பார்த்ததையும் கையால் அளந்ததையும் மட்டுமே நம்புகிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நாமும் அதைப் பெரிதாக மறுப்பதில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டில் வாழ்ந்த ஒரு எஞ்சினீயர், ஐம்பது வயசைத் தாண்டிய பிறகு, இடமும் காலமும் இல்லாத ஓர் உலகத்துக்குள் தான் விழித்த கண்ணோடு போய் வருவதாகச் சொன்னார். சும்மா சொல்லவில்லை. சாகும் வரை சுமார் 27 வருஷம் அதைப் பற்றி எழுதிக் குவித்தார். அவர் பெயர் இமானுவேல் ஸ்வீடன்போர்க். நம்ம துறைக்காரர் என்பதாலேயே அவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1688 ஜனவரி 29-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை பெரிய மதகுரு. பின்னால் பிஷப் ஆனவர். மகனோ உப்சாலா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு, 1710-இல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே அவர் செய்த ஒரு காரியம் நம்ம மாணவர்கள் கவனிக்க வேண்டியது. கடிகாரம் செய்பவர், மரவேலைக்காரர், பித்தளைக் கருவிகள் செய்பவர் என்று ஒவ்வொரு தொழிலாளி வீட்டிலும் மாறி மாறித் தங்கி, அவரவர் தொழிலைக் கூடவே இருந்து கற்றுக்கொண்டார். நாம் பதினைந்து நாள் இன்-பிளான்ட் டிரெயினிங் போய் சர்டிஃபிகேட் வாங்கி வருகிறோமே, அந்த மாதிரி அல்ல! 1714-இல் அவர் போட்ட கண்டுபிடிப்புப் பட்டியலில் நீர்மூழ்கிக் கப்பலும் பறக்கும் இயந்திரமும் இருந்தன.

ஊர் திரும்பி, 1716-இல் ஸ்வீடனின் முதல் அறிவியல் இதழைத் தொடங்கினார். அதே வருஷம் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் அவரைச் சுரங்க வாரியத்தில் அதிகாரியாக நியமித்தார். 1718 போரின்போது கடல் வழி அடைபட்டிருந்ததால், கப்பல்களைத் தரை மீது பல மைல் தூரம் இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் தண்ணீரில் இறக்கிய வேலையில் அவருக்குப் பங்கு உண்டு. 1734-இல் இரும்பு, செம்பு உருக்கும் முறைகளை விவரித்த பெரிய நூல் மூன்று தொகுதிகளாக வந்தது.

அதன் பிறகு அவர் கேள்வி மாறியது. உலோகத்தை ஆராய்ந்தவர், உயிர் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். அன்றைய உடற்கூறு நூல்களை எல்லாம் படித்து, உணர்வும் அசைவும் மூளையின் மேல்பட்டையில்தான் தொடங்குகின்றன என்று எழுதினார். மருத்துவ உலகம் அந்த முடிவுக்கு வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் மூளையைத் தேடியும் ஆன்மா அகப்படவில்லை.

1743-இல் வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார். அப்போது வந்த கனவுகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினார். வெட்கப்படத்தக்க கனவுகளைக்கூட மறைக்கவில்லை. 1744 ஈஸ்டர் சமயத்தில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் தங்கியிருந்தபோது, உடம்பே உதறிப்போகும்படி ஓர் அனுபவம் ஏற்பட்டது. அடுத்த வருஷம் லண்டனில் அந்தக் கதவு முழுசாகத் திறந்துவிட்டது என்றார். 1747-இல் சுரங்க வாரியத்தில் பதவி உயர்வு தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லி, பாதிச் சம்பளத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டார்.

1749 முதல் 1756 வரை லத்தீனில் எட்டுப் பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அச்சுக்கூலி சொந்தப் பணம். புத்தகத்தில் பெயர்கூடப் போடவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர்! சுரங்க ரிப்போர்ட் எழுதிய கை அல்லவா?

அப்படி என்னதான் கண்டார்? 1758-இல் வந்த, சொர்க்கமும் நரகமும் பற்றிய நூலில் தெளிவாகவே சொல்கிறார். அந்த உலகத்திலும் வீடு, தெரு, தோட்டம் எல்லாம் தெரியும். ஆனால் அங்கே மைல் கணக்கு இல்லை, மணிக் கணக்கு இல்லை. தூரம் என்பது மனசின் வேறுபாடுதான். ஒரே மாதிரி நினைக்கிற இருவர் பக்கத்தில் இருக்கிறார்கள். வெறுப்பவர்கள் விலகிப் போகிறார்கள். ஒருவரைப் பார்க்க ஆழமாக ஆசைப்பட்டால் அவர் எதிரே நிற்பார். காலம் என்பதும் உள்ளத்தின் நிலை மாறுவதுதான். இறந்தவன் முதலில் தான் இறந்ததையே உணராமல் நடமாடுவானாம். பிறகு ஊருக்காகப் போட்டிருந்த வேஷம் மெல்லக் கழன்று, அவன் எதை மிக அதிகமாக நேசித்தானோ அதுவே அவன் உருவமாக நிற்கும். யாரும் யாரையும் நரகத்துக்குத் தள்ளுவதில்லை; தனக்குப் பிடித்த இடத்துக்கு அவனவனே போகிறான்.

இதைப் படித்து நம்பியவரும் உண்டு, சிரித்தவரும் உண்டு. 1759 ஜூலை 19-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பெரும் தீ விபத்து. சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி கோத்தன்பர்க் நகரில் விருந்தில் இருந்த ஸ்வீடன்போர்க் திடீரென முகம் வெளுத்து, தீ பரவுவதைச் சொன்னார் என்றும், இரண்டு மணி நேரம் கழித்து, தன் வீட்டுக்கு மூன்றாவது வாசலில் தீ நின்றுவிட்டது என்றாரென்றும், பிறகு வந்த செய்தியும் அப்படியே இருந்தது என்றும் கதை. ஜெர்மன் தத்துவ மேதை இமானுவேல் காண்ட் ஒரு நண்பர் மூலம் விசாரித்து, இதைக் கடிதமாக எழுதினார். அதே காண்ட், எட்டுத் தொகுதிகளையும் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, 1766-இல் ஸ்வீடன்போர்க்கைக் கேலி செய்து ஒரு புத்தகமே போட்டார்!

சரி, நாம் எப்படி எடுத்துக்கொள்வது? சோதித்துத்தான் பார்க்க வேண்டும். காண்ட் கடிதத்தில் தீ விபத்து செப்டம்பர் கடைசி என்று வருகிறது, நடந்ததோ ஜூலை. சாட்சியம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. நிலாவிலும் வியாழனிலும் சனியிலும் மனிதர்கள் வாழ்வதாக ஸ்வீடன்போர்க் எழுதினார்; அங்கெல்லாம் அப்படி யாரும் இல்லை. சனிக்கு அப்பால் உள்ள யுரேனஸ் 1781-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதாவது, டெலஸ்கோப்புக்கு எட்டாததை அவருடைய ஞானக்கண்ணும் காட்டவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் அர்த்தம் இல்லை.

ஆனால் வானத்தைப் பற்றி அவர் தவறியதாலேயே மனிதனைப் பற்றிச் சொன்னதும் தவறாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லர், ஸ்வீடன்போர்க்கின் எழுத்துகள் தனக்குத் தந்த வெளிச்சத்தைப் பற்றி 1927-இல் தனிப் புத்தகமே எழுதினார். பார்வையையும் ஓசையையும் நம்பியிராத ஒரு நெருக்கம் உண்டு என்று சொன்னவரை அவரைவிட யார் புரிந்துகொள்ள முடியும்?

இன்னொன்று. மறு உலகம் பார்த்தவர் இந்த உலகத்தைக் கைவிடவில்லை. 1760-இல் நாட்டின் பணமதிப்புச் சிக்கல் பற்றி நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார். ஸ்டாக்ஹோம் வீட்டில் தோட்டம் போட்டார். மற்றவருக்குப் பயன்படும் வேலையை நேர்மையாகச் செய்வதுதான் சொர்க்கம்; சும்மா உட்கார்ந்து துதி பாடுவது அல்ல என்பது அவர் போதனை. 1769-இல் மதத் துரோகக் குற்றச்சாட்டு எழுந்தபோதும் பின்வாங்கவில்லை. தனக்கென ஒரு சபையையும் தொடங்கவில்லை. அது அவர் மறைவுக்குப் பின் மற்றவர்கள் செய்தது. 1772 மார்ச் 29-ஆம் தேதி லண்டனில் காலமானார். 1908-இல் அவர் எலும்புகள் உப்சாலா பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கையெழுத்துப் பிரதிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நம்மில் பலர் வேறு வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருஷம் ஓட்டியிருப்போம். ஆனால் அதே ஹாஸ்டல் வராந்தாவில் பழைய நண்பனைப் பார்த்ததும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்கிறது. நடுவில் போன வருஷங்கள் கணக்கில் வருவதில்லை. இடமும் காலமும் நாம் நினைக்கிற அளவுக்குக் கெட்டியானவை அல்ல என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அளக்க முடிந்ததை ஒழுங்காக அளந்துவிடுங்கள். அளக்க முடியாத ஒன்று என்றாவது உங்கள் வாழ்க்கையில் வந்தால் பயப்படவும் வேண்டாம், உடனே ஊர் முழுக்கச் சொல்லவும் வேண்டாம். ஸ்வீடன்போர்க் மாதிரி தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போங்கள்.