ஓப்பனிங் தெரியாமலே உலக சாம்பியனைச் சாய்த்தவர்!

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி, பிள்ளையை செஸ் டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறவரா நீங்க? எதிராளி ஏதோ அதிரடி ஓப்பனிங் ஆட, பத்தே நகர்த்தலில் நம்ம பிள்ளை திணறுறதைப் பார்த்து நொந்திருக்கீங்களா? அப்படின்னா மீர் சுல்தான் கான் கதையை நீங்க தெரிஞ்சுக்கணும்.

பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மித்தா திவானா கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவிடம் சதுரங்கம் கற்றார். ஆனால் அது நம்ம நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பியர்கள் புத்தகம் புத்தகமாகப் படித்த ஓப்பனிங் எதுவும் அங்கே உதவாது.

1928-ல் அகில இந்திய சாம்பியன். அவரை ஆதரித்த நிலப்பிரபு சர் உமர் ஹயாத் கான், 1929-ல் லண்டனுக்கு அழைத்துப் போனார். பயிற்சிக்காக நடந்த முதல் டோர்னமென்ட்டில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். வின்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! 1932, 1933-லும் பட்டம் அவருக்கே.

ஓப்பனிங்கில் அடி வாங்கினாலும், ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் அவரை அசைப்பது கஷ்டம். அவசரமே படமாட்டார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் டோர்னமென்ட்டில், முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவை 65 நகர்த்தல்களில், கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிச் சாய்த்தார்.

இவ்வளவு சாதித்தவர் 1933 கடைசியில், தன்னை அழைத்துப் போனவரோடு ஊர் திரும்பினார். அதோடு உலக அரங்கில் அவர் ஆட்டம் முடிந்தது. 1966-ல் காசநோயால் இறந்தார். கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வந்து சேர்ந்தது 2024-ல். 58 வருஷம் லேட்!

ஓப்பனிங்கை நாலு மாசத்தில் கத்துக்கலாங்க. சுல்தான் கானுக்கு அது தடையே இல்லை. அடுத்த டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாமல் போனதுதான் அவர் ஆட்டத்தை நிறுத்தியது. உங்க பிள்ளைக்கு அந்த ஆள் நீங்கதான். அதனால, தோத்துட்டுத் திரும்புற பஸ்ஸில் திட்டாதீங்க. ஜன்னலோர சீட்டைக் கொடுத்துட்டு, அடுத்த போட்டி என்னைக்குன்னு மட்டும் கேளுங்க!