ஜான் ஸ்காட் ஹால்டேன்

ஜான் ஸ்காட் ஹால்டேன் (1860 – 1936) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளிமம் குருதியில் செயல்படும் விதத்தை விளக்கியவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கைக் குறிப்பு

எடின்பரோவில் பிறந்த ஹால்டேன், 1884 ஆம் ஆண்டு அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றினார். இவருடைய மகனான மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957 இல் இந்தியாவில் குடியேறி, 1964 இல் புவனேசுவரத்தில் காலமானார்.

நச்சு வளிம ஆய்வு

ஈமோகுளோபின், ஆக்சிசனைவிட 200 மடங்கிற்கும் மேலான நாட்டத்துடன் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. இதனால் உடலுக்கு ஆக்சிசன் கிடைப்பது தடைப்படுகிறது. ஹால்டேன் இந்நச்சு வளிமத்தைத் தாமே சுவாசித்து அதன் விளைவுகளைப் பதிவுசெய்து, 1895 இல் வெளியிட்டார். அழுத்தம் மிகுந்த ஆக்சிசனில் வைக்கப்பட்ட எலிகள் இந்நஞ்சைத் தாங்குவதையும் காட்டினார்.

1896 இல் வேல்சின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 57 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது வெடிப்பன்று, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடே என்பதை ஹால்டேன் நிறுவினார். மனிதரைவிட விரைவில் பாதிக்கப்படும் சிறு உயிரினங்களைச் சுரங்கங்களில் எச்சரிக்கைக்காகப் பயன்படுத்தப் பரிந்துரைத்தார். கேனரிப் பறவைகள் சுரங்கங்களுக்குள் சென்றது இவ்வாறே.

ஒளியின் விளைவு

கார்பன் மோனாக்சைடு கலந்த குருதியின்மீது வலிய ஒளி பட்டால், அவ்வளிமம் ஈமோகுளோபினிலிருந்து பிரிகிறது என்பதை ஹால்டேனும் லோரெய்ன் ஸ்மித்தும் 1896 இல் கண்டறிந்தனர். இருளில் அது மீண்டும் இணைகிறது. ஓட்டோ வார்பர்க் 1920களில் இதே பண்பைப் பயன்படுத்தி உயிரணுக்களின் சுவாச நொதியை ஆராய்ந்தார்; 1931 இல் நோபல் பரிசு பெற்றார்.

மிகக் குறைந்த அளவில் இவ்வளிமம் அழற்சியைத் தணிப்பது பின்னாளில் விலங்குச் சோதனைகளில் தெரியவந்தது. 2002 இல் ராபர்ட்டோ மோட்டர்லினி குழுவினர், கார்பன் மோனாக்சைடை வெளியிடும் உலோகச் சேர்மங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒரு மாங்கனீசுச் சேர்மம் ஒளி பட்டால் மட்டுமே வளிமத்தை வெளியிடும். தேவையான இடத்தில், தேவையான அளவில் மட்டும் வளிமத்தை விடுவிப்பதே இத்தகைய மூலக்கூறுகளின் நோக்கம். எனினும் கண்ணுக்குப் புலனாகும் ஒளி உடல் திசுக்களுக்குள் ஆழமாகச் செல்லாதது இம்முறைக்குள்ள முக்கியத் தடையாகும்.

பிற பங்களிப்புகள்

மூச்சின் வேகத்தைக் கார்பன் டையாக்சைடு கட்டுப்படுத்துவதை 1905 இல் பிரீஸ்ட்லியுடன் இணைந்து விளக்கினார். ஆழ்கடலில் மூழ்குவோர் பாதுகாப்பாக மேலேறுவதற்கான கால அட்டவணைகளை 1908 இல் வெளியிட்டார். 1934 இல் கோப்ளி பதக்கம் பெற்றார். பாரசீகம், ஈராக் நாடுகளில் வெப்பத்தாக்கு பற்றி ஆராய்ந்து திரும்பிய பின், 1936 மார்ச்சில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.